நடு ஆள் சின்னராசு

சின்னராசுவின் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசி எழுத்தில் நீளமாக ஒரு வால், அந்த வாலை மடக்கிக் கொண்டுவந்து அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. ஒரு பேரை எழுத இத்தனை ஆர்ப்பாட்டம்! ஜமுனாமரத்தூருக்கு அப்பால் காட்டுத் தடத்தில் நடந்தே போகவேண்டிய அவன் ஊரில் அந்தக் காலத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கட்டைவிரல்தான். ஆகவே சின்னராசு கையெழுத்துப் போடுகிறான் என்றால் சனம் கூடி நின்று பார்க்கும். அவனும் சும்மா போட்டுவிட மாட்டான். பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகுவான். முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றுவான். அப்புறம்தான் கை காகிதத்துக்கு வரும்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்க்கும் செல்லியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கொழந்த பொறக்கறதுக்குக்கூட இம்மா நேரம் ஆவாது" என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லிவிட்டு முறத்தோடு நடையைக் கட்டுவாள். போகிறபோது ஒருதரம் திரும்பியும் பார்ப்பாள். அவன் அவளுக்கு அத்தை மகன், கட்டிக்கொள்ளப் போகிறவன். போயும் போயும் இந்தப் பைத்தியக்காரனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது.

மலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் சின்னராசு. அதன்பிறகு சில வருஷம் ஆடு மேய்த்தான், சாமை விதைத்தான், மரமேறிப் புளி உலுக்கினான். எழுபத்தெட்டாம் வருஷம் சந்தனக் கன்று வளர்க்கும் சர்க்கார் நாற்றங்காலில் அவனுக்குக் காவலாள் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம்! அந்த ஊரில் மாதாமாதம் துட்டு பார்த்த முதல் ஆள் அவன்தான். முதல் சம்பளத்தில் பெற்றவளுக்கு ஒரு சேலை எடுத்தானா? அதுதான் இல்லை. தனக்கு ஒரு வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு மைப்பேனா. கன்றுகளைக் கடிக்க வரும் ஆட்டை விரட்டுகிறவனுக்கு எதற்கு ஐயா பேனா? கேட்டால், "ஆபீசு வேலைன்னா பேனா இருக்கணும்" என்றான். சம்பள நாளில் ஒரு கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தப் பேனாவுக்கு அங்கே வேலையே கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்து வைக்க வந்து சேர்ந்தான் கோபால்சாமி.

கோபால்சாமி செங்கத்துக்காரன். ஸ்ரீ அதிர்ஷ்டலட்சுமி தவணைக் கம்பெனி என்று ஒன்றின் ஏஜென்டு. சந்தை நாளில் பஸ்ஸேறி ஜமுனாமரத்தூர் வந்து, டீக்கடை பெஞ்சில் ஒரு ரேடியோவை வைத்துப் பாடவிடுவான். இன்றைக்குக் கொஞ்சம் கொடுத்தால் சாமான் கைக்கு வந்துவிடும், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்பான். ஆனால் கம்பெனிக்கு மாதச் சம்பளக்காரன் ஒருவன் ஜாமீன் போட வேண்டும். மலையில் சம்பளக்காரனுக்கு அவன் எங்கே போவான்? தலையைச் சொறிந்துகொண்டிருந்த வேளையில் வெள்ளைச் சட்டையும் பேனாவுமாகச் சின்னராசு டீ குடிக்க வந்தான். கோபால்சாமி எழுந்து நின்று கும்பிட்டான். பிறந்த நாள் முதலாகச் சின்னராசுவை யாரும் எழுந்து நின்று கும்பிட்டதில்லை. அந்த ஒரு கும்பிட்டில் ஆள் விழுந்துவிட்டான்.

"தம்பி மாதிரி ஒரு ஆளத்தான் தேடினு இருந்தேன். உங்க கையெழுத்து ஒண்ணு வுழுந்தா உங்க ஊரே ரேடியோ கேக்கும்" என்றான் கோபால்சாமி.

"அதுக்கு நான் இன்னா செய்யணுங்க?"

"ஒண்ணும் செய்ய வாணாம். உங்க மலையில மாடு கைமாறும்போது நடுவுல ஒருத்தரு நிப்பாராமே, அது மாதிரி நின்னாப் போதும். வாங்கறவரு வாங்கறாரு, அவரே கட்றாரு. நீங்க சும்மா நிக்கறீங்க."

இங்கே அந்த மலை வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் மாடு கைமாறினாலும், புளியமரத்துக் காய்ப்பு கைமாறினாலும், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவன் நிற்பான். இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடிப்பான். அவனுக்கு வெற்றிலை பாக்கும் ஒரு கோழியும் உண்டு. பின்னால் வம்பு வந்தால், "ஆமா, நான் நின்னேன், பாத்தேன்" என்று வழக்குத் தீர்க்கிற ஊர்க்கவுண்டர் முன்னால் அவன் சொன்னால் போதும். கைக்காசு கொடுக்கும் வேலை நடு ஆளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. நரைத்த தலைகளுக்குத்தான் ஊர் அந்த மரியாதையைத் தரும். மீசை சரியாக முளைக்காத வயதில் அது தன்னைத் தேடி வருகிறதே என்று சின்னராசுவுக்குத் தலைகால் புரியவில்லை.

கோபால்சாமி நீட்டிய காகிதத்தில் பொடி எழுத்தில் நிறைய அச்சடித்திருந்தது. வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நல்ல தமிழில்தான் இருந்தது. எட்டாவது படித்தவன் எழுத்துக்கூட்டியாவது படித்திருக்கலாம். அவன் படிக்கவில்லை. "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டான். பேனாவைத் திறந்தான். சட்டைக் கையை மடித்தான்.

அதற்கப்புறம் ஊருக்குள் சாமான் வந்தது பாருங்கள், வேடிக்கை! ஒருவன் சைக்கிள் எடுத்தான். பாறையும் பள்ளமுமாகக் கிடக்கிற தடத்தில் சைக்கிளை எங்கே ஓட்டுவது? தோளில் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஊர் வந்து சேர்ந்தான். அன்று முதல் அதன் மேல் கோழிகள் ஏறி அடைந்தன. இன்னொருத்தி பிரஷர் குக்கர் எடுத்தாள். விறகடுப்பில் ஏற்றிய முதல் வாரமே அதன் ரப்பர் வளையம் கருகிப்போய், குக்கர் கேழ்வரகு மாவு வைக்கும் பானையானது. இவர்களுக்கெல்லாம் நடுவில் நின்றது யார்? நம்ம சின்னராசு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு அவன் ஊருக்குள் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே!

செல்லியம்மாள் சந்தையில் உப்பு வாங்கினால்கூடப் படியைக் கவிழ்த்து, அடி நசுங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கடுக்காய் விற்கப் போனால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். வியாபாரிகள் அவளைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அவளுக்குத்தான் இப்படி ஒரு மாப்பிள்ளை.

"யோவ், அந்தக் காயிதத்துல இன்னா எழுதி கீதுன்னு பாத்தியா?" என்று ஒருநாள் சுனையடியில் நிறுத்திக் கேட்டாள்.

"எல்லாம் கம்பெனி ரூலு. உனக்குப் புரியாது" என்றான் சின்னராசு.

"உனக்குப் புரிஞ்சுதா?"

அவன் பேனாவைச் சரியாகக் குத்திக்கொண்டு போய்விட்டான்.

இப்போது செல்லியம்மாளின் அப்பன் தாண்டவராயனைப் பற்றி. சின்னராசுவுக்குச் சொந்தத் தாய்மாமன். நாலு புளியமரமும் ஒரு பெரிய மீசையும் உள்ள மனிதர். மலையில் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கவேண்டும். அக்காள் மகன்தானே என்று ஒரு ரூபாய் குறைத்தாரா? முந்நூறு ரூபாய் ரொக்கம், இரண்டு மூட்டை சாமை என்று கறாராகப் பேசிவிட்டார். சாமை அந்த வருஷ அறுவடையிலேயே போய்ச் சேர்ந்தது. ரூபாயைச் சம்பளத்தில் சேர்த்துத் தருகிறேன் என்றான் சின்னராசு. புளி உலுக்கி முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. இதற்கு நடுவில் மாமனும் ஒரு ரேடியோ எடுத்துவிட்டார். வீட்டு நடுச்சுவரில் ஆணி அடித்து அதை மாட்டி, விடிந்தால் சிலோன் பாட்டு, சாய்ந்தால் சிலோன் பாட்டு. பாட்டுக்கு நடுவே, "துட்டு இன்னும் காணமே, எங்க உன் அத்தை மவன்?" என்று மகளிடம் கத்துவார்.

புளி உலுக்கி முடிந்தது. ரூபாய் வரவில்லை. கல்யாணம் ஆடிக்கப்புறம் என்று தள்ளிப்போனது. ஆடியும் போனது, ரூபாய் வரவில்லை. கேட்டால் சின்னராசு மேலே பார்க்கிறான், கீழே பார்க்கிறான், பேனாவைத் தடவுகிறான். அந்தச் சமயம் பார்த்து வடிவேலு என்று ஓர் ஆட்டு வியாபாரி, முதல் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், தாண்டவராயன் வீட்டுக்கு வரப்போக இருந்தான். வந்தவன் ரேடியோவைப் பார்க்கவில்லை, செல்லியம்மாளைப் பார்த்தான். மடியில் ரொக்கம் வைத்திருக்கிறான் என்று ஊரே சொன்னது.

சம்பள நாளன்று செல்லியம்மாள் நேரே நாற்றங்காலுக்கே போய்விட்டாள். மூங்கில் படலுக்கு வெளியே நின்றாள். சின்னராசு சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தான். கையில் இருந்த நோட்டுகள் ரொம்ப ஒல்லியாக இருந்தன.

"மீதி எங்க?" என்றாள்.

"மீதி... ஆபீசுல புடிச்சிகிறாங்க."

"எதுக்குப் புடிக்கிறாங்க? சந்தனக் கட்டையத் திருடினியா?"

"சே சே! சைக்கிளு எடுத்தவன் கட்டல. குக்கரு எடுத்தவ கட்டல. கம்பெனிக்காரன் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டான். நாந்தான் கையெழுத்துப் போட்டு கீறேனாம்." இதைச் சொல்லும்போதும் அந்தக் கடைசி வார்த்தையில் அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவளுக்கு அங்கேயே அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

"ரெண்டு பேருக்குப் பாதிச் சம்பளமா போவும்? இன்னும் யாரு?"

சின்னராசு படலில் இருந்த ஒரு சிராயைப் பிய்த்தான். "சொன்னா திட்டுவ."

"சொல்லலன்னா அடிப்பேன்."

"மாமா" என்றான்.

செல்லியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, இரண்டையும் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. ரேடியோவுக்கு முன்பணத்தோடு இரண்டு தவணை கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அவள் அப்பன். மீதி முந்நூறும் அவன் தலையில். ரேடியோ முந்நூறைப் பிடிக்கப் பிடிக்கத்தான் பரிச முந்நூறு சேரவில்லை. சேரவில்லை என்று தினமும் கத்துகிறவரும் அவரேதான்!

"மாமாகிட்ட எப்பிடிக் கேக்கறது? பொண்ணு குடுக்கறவரு. மரியாதையா இருக்குமா?" என்றான் சின்னராசு.

"மரியாதை! பொண்ண ஆட்டுக்காரன் இட்டுனு போவட்டும், நீ மரியாதைய வெச்சிகினு இரு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் புளி விற்க அப்பனோடு செங்கம் போனாள். அவர் டீ குடிக்க ஒதுங்கிய நேரத்தில் ரேடியோக் கடை ஒன்றில் ஏறி, வீட்டில் இருப்பது போலவே ஒன்றைக் காட்டி விலை கேட்டாள். ரொக்கம் என்றால் இருநூற்றைம்பது என்றார் கடைக்காரர். கோபால்சாமியின் தவணையில் அதே ரேடியோ நானூறு! சந்தையில் அவனைப் பிடித்து, "ஏன்யா, நூத்தம்பது ரூபா மேல வெச்சிகீறியே, உனக்கு அடுக்குமா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "நான் யார் கையப் புடிச்சிம்மா இழுத்தேன்? படிச்சுப் பாத்துப் போட்ட கையெழுத்துதானே" என்றான். படித்துப் பார்த்தானாம்! மானம் போனதுதான் மிச்சம்.

ஐப்பசி மழை விட்டதும் தாண்டவராயன் ஊரைக் கூட்டினார். முனிசாமி கோயிலுக்கு எதிரே பாறையில் ஊர்க்கவுண்டர் வந்து உட்கார்ந்தார். வடிவேலுவும் சலவை வேட்டியில் வந்து ஓரமாக நின்றான்.

"பரிசம் பேசி ரெண்டு தபா நாளு தள்ளியாச்சு. சாமை வந்துச்சு, துட்டு வரல. வடிவேலு ரொக்கமாக் குடுக்கறேன்னு நிக்கிறாரு. அந்தப் பேச்ச முறிச்சிக் குடுத்துடுங்க" என்றார் தாண்டவராயன்.

கவுண்டர் சின்னராசுவைப் பார்த்தார். "இன்னாடா சொல்ற?"

அங்கேயாவது வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னானா? "மாமா சொல்றது சரிதாங்க" என்றான். நாசமாய்ப் போக! கூட்டத்தில் நின்ற செல்லியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். ஆணியிலிருந்து ரேடியோவைக் கழற்றினாள். கொண்டுவந்து கவுண்டர் காலடியில் பாறைமேல் வைத்தாள்.

"இதுக்கு நடுவுல நின்னது யாருன்னு கேளுங்க" என்றாள்.

"நாந்தாங்க" என்றான் சின்னராசு, கேட்பதற்கு முன்னாலேயே.

"கோழி குடுத்தாங்களா?" என்று கேட்டார் கவுண்டர்.

"வெத்தல குடுத்தாருங்க மாமா. கோழி தரல."

சனம் கொல்லென்று சிரித்தது. செல்லியம்மாள் சிரிக்கவில்லை. "இதுக்குத் துட்டு யாரு கட்றாங்க, அதையும் கேளுங்க. எங்க நைனா ரெண்டு மாசம் கட்னாரு. மீதி முந்நூறும் இவுரு சம்பளத்துல போவுது. நடு ஆளு துட்டு கட்ற வழக்கம் நம்ம மலையில உண்டாங்க?"

"அது எப்பிடி?" என்றார் கவுண்டர். "துட்டு கட்டினா அவன் நடு ஆளு இல்லியே. அவன்தான் வாங்கறவன்."

"அப்ப இந்த ரேடியோ யாருது?"

"கட்றவனுது."

"கட்றவரு பொருளு எங்க வூட்டு ஆணியில எதுக்குத் தொங்குது? பரிசமா வந்துச்சுன்னா தொங்கட்டும். பேசினது முந்நூறு, இவுரு தலையில வுழுந்தது முந்நூறு. இல்ல, பரிசம் வரலன்னு நைனா சொல்றாருன்னா, இவுரு ரேடியோவ இவுரு எடுத்துனு போவட்டும்."

தாண்டவராயன் மகளைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். வடிவேலு தொண்டையைக் கனைத்தான். அவர் காதில் விழவில்லை.

"இன்னா தாண்டவராயா? ரேடியோவா, ஆட்டுக்காரரு துட்டா?" என்றார் கவுண்டர்.

தாண்டவராயன் குனிந்தார். ரேடியோவை எடுத்து மடியில் வைத்துத் துண்டால் தூசியைத் துடைத்தார். "பரிசம் வந்துடுச்சுன்னே வெச்சிக்குங்க" என்றார். வடிவேலு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி போய்விட்டான்.

செல்லியம்மாளுக்கு நினைத்தது நடந்தது. ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வெற்றிலை மெல்லும் நேரமாவது தன் அப்பன் யோசித்திருக்கலாம் என்று நினைத்தாள். முந்நூறு என்று சபையில் பேசினாலும் அந்த ரேடியோவின் கடை விலை இருநூற்றைம்பதுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கவுண்டர் சொன்ன நியாயம் மற்றவர்களுக்கும் பொருந்துமல்லவா? ஆகவே குக்கர் எடுத்தவள் மானத்துக்குப் பயந்து மீதியைத் தானே கட்டினாள். சைக்கிளோ கோழி எச்சத்தோடு சின்னராசு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நாலு மாதம் ரேடியோவுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். "உன் பரிசத்துக்குத்தான் புடிக்கிறாங்க" என்று சின்னராசு அதையும் பெருமையாகச் சொன்னான். அவள் கையில் களி கிண்டும் துடுப்பு இருந்தது. எப்படியோ பொறுத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கே பேனாவைப் பிடுங்கிக் கூரைச் செத்தையில் செருகிவிட்டாள். சம்பள நாளில் எடுத்துக் கொடுப்பாள், திரும்பி வந்ததும் வாங்கிச் செருகிவிடுவாள். வெள்ளைச் சட்டைப் பையில் மை ஒழுகிய கறை மட்டும் இருந்தது.

மறுவருஷம் மழையில் தாண்டவராயன் வீட்டுக் கூரை ஒழுகி ரேடியோ ஊமையாகிவிட்டது. பேட்டரிக் கட்டை மாற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெயிலில் காயவைத்தும் பார்த்தார். மூச்சில்லை. ஒரு சந்தை நாள் சாயங்காலம் அதைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு மருமகன் வீட்டுக்கு வந்தார். செல்லியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சின்னராசு எழுந்து நின்றான்.

"கோபால்சாமி வந்து கீறாம்ப்பா சந்தைக்கு. டேப்பும் ரேடியோவும் ஒண்ணா வெச்சது எடுத்தாந்து கீறான். இந்தப் பழசையும் எடுத்துக்கிறானாம். மாப்ள ஒரு கையெழுத்து போட்டா..." என்று இழுத்தார் தாண்டவராயன்.

மாப்பிள்ளையின் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கண்கள் கூரைச் செத்தைக்கு ஏறின.

செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"போடச் சொல்றேன், நைனா" என்றாள். "ஆனா, இந்தத் தபா குடுக்கறதுக்கு இன்னொரு பொண்ணு வெச்சினு கீறியா?"

தாண்டவராயன் துண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். காட்டுத் தடத்தில் அவர் தலை மறையும் வரை அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். சின்னராசு பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சைக்கிள் மேலிருந்த கோழியைச் சூ என்று விரட்டினான்.